குதிரைமனிதனின் குட்டி எங்கே பால் குடிக்கும்?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிரேக்கப் புராணத்து விசித்திர உயிரினங்களைப் பற்றிச் சென்ற ஞாயிறு தங்கள் சிறுவர் இணைப்பில் தொடங்கியிருக்கும் தொடரின் முதல் பகுதியைப் படித்தேன். சென்டார் என்ற குதிரைமனிதன், மினோட்டார் என்ற காளைத்தலை மனிதன், ஒற்றைக்கண் சைக்ளோப்ஸ், பாம்புக்கூந்தல் மெடூசா, பாட்டால் மயக்கிக் கொல்லும் சைரன், சிங்கமும் வெள்ளாடும் பாம்பும் ஒட்டிய கைமேரா என்று நடுப்பக்கம் இரண்டையும் சேர்த்து வண்ணப் படங்கள். என் பேத்தி அதை அப்படியே பிரித்தெடுத்து அலமாரிக் கதவில் ஒட்டிவிட்டாள். ஓவியருக்கு என் பாராட்டு. எனக்கு வருத்தமெல்லாம் முதல் பத்தியில் இருந்த ஒரு வாக்கியத்தில்தான். அறிவியல் வளராத காலம் என்பதால் இவை எல்லாம் நிஜமாகவே உலவுகின்றன என்று அந்தக் காலத்து மக்கள் கண்ணை மூடிக்கொண்டு நம்பினார்களாம். அதில் கால்பங்குதான் உண்மை. விட்டுப்போன முக்கால்பங்குதான் ருசியான பகுதி. அதைப் பிள்ளைகளுக்குச் சொல்லாமல் விட்டுவிட்டீர்களே என்றுதான் இந்தக் கடிதம்.

நான் ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர். மணப்பாறையைச் சுற்றியுள்ள ஊர்களில்தான் பணிக்காலத்தின் பெரும்பகுதி கழிந்தது. சினை பார்ப்பது, குடற்புழு மருந்து ஊற்றுவது, கன்று குறுக்கே நின்றுவிட்டால் நடுராத்திரியில் தோள்வரை கையை விட்டுத் திருப்பி எடுப்பது, இதுதான் என் படிப்பு. கிரேக்க மொழி தெரியாது. விலங்குகளைப் பற்றி அரிஸ்டாட்டில் என்னதான் எழுதிவைத்திருக்கிறார் என்று பார்க்க ஓய்வுக்குப் பிறகு ஆங்கில மொழிபெயர்ப்பு ஒன்றை எடுத்தேன். அதைத் தொட்டு இது, இதைத் தொட்டு இன்னொன்று என்று கவி ஹோமரிலிருந்து மருத்துவர் கேலன் வரை போய்விட்டேன். படிக்கப் படிக்க எனக்குப் பட்டது இதுதான்: இந்த உயிரினங்களைக் கற்பனை செய்தவர்கள் ஆடு மாடுகளோடு புழங்கியவர்கள். இவை இருக்க முடியாது என்று வாதாடியவர்களும் ஆடு மாடுகளைக் கூர்ந்து பார்த்தவர்கள்தான். அவர்கள் கேட்ட கேள்விகளில் பாதி, எங்கள் மருந்தக வாசலில் வைத்துக் கேட்கக்கூடியவை.

லுக்ரீஷியஸ் ரோமானியக் கவிஞர், கி.மு. முதல் நூற்றாண்டு. எபிக்யூரஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதியின் வழியைப் பின்பற்றியவர். சென்டார் ஏன் இருக்க முடியாது என்பதற்கு அவர் சொல்லும் காரணத்தைக் கேளுங்கள். மூன்று வயதில் குதிரை முழு வலுவோடு நிற்கும். மனிதப் பிள்ளையோ மூன்று வயதில் தூக்கத்தில்கூடத் தாயின் மார்பைத் தேடும். குதிரை கிழடாகித் தளர்ந்து விழுகிற வயதில்தான் பையனுக்குக் கன்னத்தில் பூனைமயிர் அரும்பும். ஒரே உடம்பில் மேல்பாதி பால்குடிப் பிள்ளையாகவும் கீழ்பாதி வாலிபமாகவும் எப்படிக் காலம் தள்ளும்? இதைக் கேட்க நுண்ணோக்கி வேண்டியதில்லை. வீட்டில் ஒரு குதிரையும் ஒரு குழந்தையும் ஒன்றாக வளர்வதைப் பார்த்திருந்தால் போதும். அதோடு விடவில்லை. ஹெம்லாக் என்ற செடியை மேய்ந்து வெள்ளாடு கொழுக்கிறது, அதே செடி மனிதனுக்கு விஷம், அப்படியிருக்க ஒட்டுப்போட்ட உடம்புக்கு எந்தத் தீனி ஒத்துக்கொள்ளும் என்கிறார். சாக்ரடீஸுக்குக் கோப்பையில் கொடுத்த விஷம் அந்த ஹெம்லாக்தான். ஆடாதோடையைத் தவிர வேறு எதையும் விட்டுவைக்காத நம் வெள்ளாட்டைத் தெரிந்தவர்களுக்கு இந்த வாதம் சட்டென்று பிடிபடும். கைமேராவுக்கு அவரிடம் ஒரே வரிதான்: நெருப்பு எந்தச் சதையையும் சுடுமே, தீயைக் கக்குகிற சிங்கத்தின் சொந்த உடம்பு மட்டும் எப்படி வேகாமல் இருக்கும்?

அரிஸ்டாட்டில் இவருக்கு முந்நூறு ஆண்டு முந்தியவர், மருத்துவரின் மகன். ஆட்டுத்தலையோடு பிள்ளை பிறந்தது, பிள்ளைத்தலையோடு கன்று பிறந்தது என்றெல்லாம் ஊரில் பேசிக்கொள்கிறார்களே, அது வெறும் சாயல்தான் என்று எழுதிவிட்டு, ஒரு விலங்கின் வயிற்றில் இன்னொரு விலங்கு உருவாக முடியாது என்பதற்குக் காரணமும் சொல்கிறார். மனிதன், செம்மறி, நாய், மாடு நான்குக்கும் கர்ப்பகாலம் வெகுவாக வேறுபடுகிறதாம். அந்தப் பக்கத்தைப் படித்தபோது என்னையறியாமல் சபாஷ் என்றேன். நாய்க்கு 63 நாள், செம்மறிக்கு ஐந்து மாதம், குதிரைக்குப் பதினொரு மாதம். சினைப் பதிவேட்டை எழுதி எழுதிக் கை தேய்ந்தவர்களின் வாதம் அது. ஆனால் ஒரு வேடிக்கை இருக்கிறது. பசுவுக்கும் பெண்ணுக்கும் மட்டும் கணக்கு ஏறத்தாழ ஒன்று, 280 நாள். ஆகவே அரிஸ்டாட்டிலின் சட்டத்தில் மற்றவை எல்லாம் சிக்கிக்கொள்ள, மினோட்டார் மட்டும் நூலிழையில் தப்பிவிடுகிறது. அது மாட்டிக்கொள்வது குரோமோசோமில். மாட்டுக்கு 60, மனிதனுக்கு 46. குதிரைக்கு 64, கழுதைக்கு 62; அவ்வளவு நெருங்கிய சொந்தமாக இருந்தும் கோவேறு கழுதை 63ஓடு பிறந்து, ஏறத்தாழ எப்போதும் மலடாகவே நின்றுவிடுகிறது. இந்தக் கணக்கைப் பிள்ளைகளுக்குப் போட்டுக் காட்டினால் மினோட்டாரை அதற்குப் பிறகும் மறக்கமாட்டார்கள்.

கேலன் இன்னும் கறாரான ஆள். கி.பி. 2ஆம் நூற்றாண்டு, இன்றைய துருக்கியில் இருக்கும் பெர்கமோன் ஊர்க்காரர். கிளாடியேட்டர்களுக்கு வைத்தியம் பார்த்தவர், குரங்கையும் பன்றியையும் அறுத்து அறுத்து உடற்கூறு கற்றவர். சென்டார் பிறந்தே விட்டது என்று வைத்துக்கொள்வோம், அதற்கு எதைப் போடுவீர்கள், புல்லும் பார்லியுமா, சமைத்த சோறா என்று கேட்கிறார். இரண்டையும் தின்ன இரண்டு வாய் வேண்டுமே என்கிறார். சரி, வளர்ந்தும் விட்டது, நாலு குளம்பை வைத்துக்கொண்டு ஏணியில் ஏறுவது எப்படி, வீடு கட்டுவது எப்படி, தறியில் உட்காருவது எப்படி, மடியில் ஏட்டை வைத்து எழுதுவது எப்படி? கிரேக்கக் கவி பின்டார் சென்டார்களின் பிறப்பைப் பாடியிருக்கிறார். இக்ஸியோன் என்பவன் மேகத்தால் செய்த பெண்ணைத் தேவி என்று நினைத்துச் சேர, பிறந்த பிள்ளை பெலியன் மலையடிவாரத்துப் பெண்குதிரைகளோடு கூட, அந்த வழியில் வந்த கூட்டமாம். அதற்குக் கேலன் சொல்லும் பதிலில் கோபமே இல்லை. நீர் பாடும் ஐயா, கவிதைக்கு அதிசயம் வேண்டும், கேட்பவர்கள் வாய்பிளக்க வேண்டும், எங்களுக்கு உண்மை வேண்டும் என்கிற தோரணை. கவிதைக்கு ஓர் இடம், உடற்கூற்றுக்கு ஓர் இடம் என்று பிரித்து வைத்தவரைப் போய்க் கண்மூடித்தனமான காலத்து ஆள் என்பதா?

இவர்களைத் தவிரப் பலேஃபாட்டஸ் என்று ஒரு கிரேக்க எழுத்தாளர். இப்படி ஒரு பிறவி அன்று இருந்திருந்தால் இன்றும் இருக்க வேண்டுமே என்பது அவர் கட்சி. பெலியன் மலைப்பக்கம் ஊரை அழித்த காளைகளைச் சில இளைஞர்கள் குதிரை மேல் ஏறிப்போய்க் குத்தினார்கள், தூரத்திலிருந்து பார்த்தவர்களுக்கு மனிதனும் குதிரையும் ஒன்றாகத் தெரிந்தது, அதுதான் சென்டார் கதை என்று முடித்துவிடுகிறார். எனக்கு இது ஒட்டவில்லை. பெலியன் மலை இருக்கும் தெஸ்ஸலி குதிரைக்குப் பேர்போன நாடு. குதிரையோடு வாழ்கிறவனுக்கு மேலே ஆள் உட்கார்ந்திருப்பது தெரியாமல் போகுமா? சந்தேகப்படுகிறவர்களும் சில நேரம் நம்புகிறவர்களைவிட எளிதாக எதையாவது நம்பிவிடுகிறார்கள்.

இனி, தங்கள் ஓவியருக்காகவே சொல்ல வேண்டிய ஒன்று. கி.மு. 5ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்யூக்ஸிஸ் என்ற கிரேக்க ஓவியர் ஒரு சென்டார் குடும்பத்தை வரைந்தார். மூலம் இன்று இல்லை. ரோமானியத் தளபதி சுல்லா அதை இத்தாலிக்கு அனுப்பியபோது கிரேக்கத்தின் தென்கோடியில் உள்ள மலேயா முனைக்கு அருகில் கப்பலோடு கடலில் போய்விட்டதாகச் சொல்கிறார்கள். ஏதென்ஸில் ஒரு பிரதியைப் பார்த்த லூசியன் என்ற எழுத்தாளர், கி.பி. 2ஆம் நூற்றாண்டில், ஒவ்வொரு மூலையையும் விடாமல் விவரித்து வைத்திருக்கிறார். பசும்புல்லில் ஒரு பெண் சென்டார் படுத்திருக்கிறாள். குதிரைப்பாகம் முழுவதும் தரையில், பெண்பாகம் முழங்கையை ஊன்றிச் சற்று எழும்பியபடி. அவளுக்கு இரண்டு குட்டிகள். ஒன்றைக் கையில் ஏந்தி, பெண்கள் கொடுப்பது மாதிரி மார்பில் பால் கொடுக்கிறாள். இன்னொன்று கீழே, குதிரைக்குட்டி மாதிரி மடியில் முட்டிக் குடிக்கிறது. மேலே பாறைக்குப் பின்னாலிருந்து அப்பன் எட்டிப் பார்த்துச் சிரிக்கிறான். பிள்ளைகளுக்கு விளையாட்டுக் காட்ட ஒரு சிங்கக்குட்டியை வலது கையில் தூக்கிப் பிடித்திருக்கிறான். குதிரை எங்கே முடிகிறது, பெண் எங்கே தொடங்குகிறாள் என்று கண்ணால் கண்டுபிடிக்க முடியாதபடி இரண்டு தோலும் ஒன்றில் ஒன்று கரைந்திருந்ததாம்.

குட்டிக்கு எந்தப் பால் என்ற கேள்வி ஸ்யூக்ஸிஸுக்கு வந்திருக்கிறது பாருங்கள். லுக்ரீஷியஸ் கவிதை எழுதுவதற்கு முந்நூறு ஆண்டுக்கு மேல் முன்னால், தூரிகையைக் கையில் வைத்துக்கொண்டு அதற்கு ஒரு பதிலையும் போட்டிருக்கிறார்: இரண்டும்தான். பெண்குதிரைக்குக் காம்பு இரண்டே, பின்னங்கால்களுக்கு நடுவில் மறைவாக இருக்கும். குட்டி தலையை வளைத்து உள்ளே நுழைக்காமல் குடிக்க முடியாது. லூசியன் விவரித்த தோரணையைப் பார்த்தால் ஓவியர் லாயத்தில் உட்கார்ந்து அதைப் பார்த்திருப்பார் என்றே எனக்குத் தோன்றுகிறது. படத்தைப் பார்க்க வந்த கூட்டமோ என்ன புதுமை, என்ன கற்பனை என்று விஷயத்தை மட்டும் மெச்சியதாம். என் கைவேலையை ஒருவனும் பார்க்கவில்லையே என்று ஸ்யூக்ஸிஸ் கடுப்பாகி, படத்தைச் சுருட்டி வீட்டுக்குக் கொண்டுபோகச் சொன்னாராம். தங்கள் இணைப்பில் வந்த சென்டார் கையில் ரத்தம் சொட்டும் கோடரியோடு நிற்கிறது. அடுத்த முறை இந்தக் குடும்பத்தையும் ஒருதரம் வரையச் சொல்லுங்கள்.

சைக்ளோப்ஸ் விஷயத்தில் எனக்குச் சொந்த அனுபவமே உண்டு. ஒரு விடியற்காலையில் பக்கத்து ஊரிலிருந்து ஆள் வந்தார். "டாக்டரம்மா, வெள்ளாடு ஒத்தைக் கண்ணுக் குட்டி போட்ருக்கு, வந்து பாருங்க" என்றார். போனேன். நெற்றிக்கு நடுவில் ஒரே குழி, அதற்குள் இரண்டு விழிகள் ஒட்டிப்போய் ஒன்றாகத் தெரிந்தன. மூக்கு இருக்க வேண்டிய இடத்தில் மூக்கு இல்லை. கண்ணுக்கு மேலே விரல்நுனி அளவுக்கு ஒரு சதைக்குழல், உள்ளே துவாரம் அடைத்திருந்தது. மூச்சு வாயால்தான். உச்சிப்பொழுது வரை தாங்கவில்லை. அதற்குள் குட்டியை வாழை இலையில் கிடத்தி மஞ்சள் தெளித்து, தெருவே வரிசை கட்டி நின்றது. செய்தியாளர் ஒருவரும் படம் எடுத்துப் போனார். ஊருக்கு ஆகாது, தாயாட்டை விற்றுவிடு என்று பெரியவர் ஒருவர் பிடிவாதம் பிடித்தார். விற்காதே, ஆட்டின் மேல் தப்பு ஒன்றும் இல்லை என்று ஆட்டுக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தேன். அடுத்த ஈத்தில் அது இரண்டு நல்ல குட்டி போட்டது.

கருவின் முன்மூளை இரண்டாகப் பிரிய வேண்டிய கட்டத்தில் பிரியாமல் நின்றுவிட்டால் இப்படி ஆகும். அமெரிக்காவின் ஐடஹோ மாநிலத்தில் 1950களில் செம்மறி மந்தைகளில் ஒற்றைக்கண் குட்டிகள் நிறையப் பிறக்க, அரசு ஆய்வாளர்கள் துருவிப் பார்த்தார்கள். மலைச்சரிவில் விளையும் ஒரு காட்டுச் செடிதான் காரணம் என்று தெரிந்தது. சினைப்பட்ட 14ஆம் நாளை ஒட்டித் தாயாடு அதைத் தின்றால் குட்டிக்குக் கண் ஒன்று. அந்தச் செடியில் இருக்கும் நச்சுக்குச் சைக்ளோபமைன் என்றே பெயர் வைத்துவிட்டார்கள். மணப்பாறைக் குட்டிக்கு அந்தச் செடி காரணம் இல்லை, இங்கே அது விளைவதும் இல்லை. நான் சொல்ல வந்தது வேறு. ஆடு வளர்க்கிற எந்தச் சமூகமும் என்றைக்காவது இப்படி ஒரு குட்டியைப் பார்த்தே இருக்கும். 1914இல் ஒதீனியோ ஆபெல் என்ற ஆய்வாளர், சிசிலித் தீவின் குகைகளில் கிடைத்த குள்ள யானை மண்டையோடுகளைக் காட்டி, தும்பிக்கைக்கான நடுத்துளையைக் கண்குழி என்று நினைத்துத்தான் சைக்ளோப்ஸ் கதை கட்டியிருப்பார்கள் என்றார். அழகான ஊகம். தங்கள் கட்டுரையில் அதை முடிந்த முடிவாகப் போட்டிருக்கிறீர்கள். குகைக்குள் போய் எலும்பைத் தேட வேண்டியதில்லை, கிடைக்குள்ளேயே பதில் இருந்திருக்கலாம் என்பது என் ஊகம். இரண்டும் ஊகம் என்று போட்டால் நேர்மையாக இருக்கும்.

கட்டுரையில் சைக்ளோப்ஸுக்குக் 'காட்டுமிராண்டி' என்று அடைமொழி. ஹோமரின் ஒடிஸி காவியத்தில் வரும் சைக்ளோப்ஸான பாலிஃபீமஸ் ஆளைத் தின்றவன்தான், மறுக்கவில்லை. அவன் குகையில் மாட்டிக்கொண்ட கிரேக்க வீரன் ஒடிஸியஸின் ஆட்களை இரண்டிரண்டு பேராகத் தரையில் அடித்து, குடல் எலும்பு எதையும் மிச்சம் வைக்காமல் தின்று, மேலே பாலையும் குடித்தான். ஆனால் ஹோமர் அந்தக் குகையைக் காட்டுகிற விதம் இருக்கிறதே, அரசுப் பண்ணை ஒன்றில் நான் பார்க்க ஆசைப்பட்ட ஒழுங்கு அது. மூத்த குட்டிகள் ஒரு பட்டியில், நடுத்தரம் ஒரு பட்டியில், பச்சைக்குட்டிகள் தனிப்பட்டியில். மாலையில் வந்ததும் உட்கார்ந்து வரிசைப்படி கறக்கிறான், கறந்ததும் அதனதன் குட்டியை அதனதன் தாயிடம் விடுகிறான். பாலில் பாதியை உறையவைத்துப் பின்னிய கூடைகளில் கட்டி எடுத்து வைக்கிறான், பாதியைக் குடிக்கப் பாத்திரத்தில் வைக்கிறான். முதல் நாள் கிடாக்களை வெளியே முற்றத்தில் விடுகிறான். மறுநாள் என்ன நினைத்தானோ, எல்லாவற்றையும் உள்ளே ஓட்டி வந்துவிடுகிறான். ஒடிஸியஸ் தப்பித்தது அதனால்தான், கிடாக்களின் வயிற்றடியில் தொங்கிக்கொண்டு.

ஒடிஸியஸ் அவனுடைய ஒற்றைக் கண்ணைக் குத்திய பிறகு வருவதைத்தான் என்னால் லேசாகக் கடக்க முடியவில்லை. விடிந்ததும் கிடாக்கள் மேய்ச்சலுக்கு ஓடுகின்றன. கறக்க ஆள் இல்லாமல் பெட்டைகள் மடி கட்டிப்போய்ப் பட்டிக்குள்ளேயே கத்துகின்றன. அந்த ஒரு வரியை எழுத ஆட்டுக்காரன் மகனாக இருந்திருக்க வேண்டும். குருடனாகிப்போன பாலிஃபீமஸ் வாசலில் உட்கார்ந்து ஒவ்வொன்றின் முதுகையும் தடவிப் பார்க்கிறான். கடைசியில் பெரிய கிடா வருகிறது, அடியில் ஒடிஸியஸ். அதை நிறுத்தி, நீ என்றைக்கும் பின்தங்கினவன் இல்லையே, புல்லுக்கும் நீதான் முதல், ஆற்றுக்கும் நீதான் முதல், சாயங்காலம் பட்டிக்குத் திரும்பவும் நீதான் முதல், இன்றைக்கு ஏன் கடைசி, எஜமானின் கண் போனதற்காகவா வருத்தப்படுகிறாய் என்று கேட்கிறான். ஆளைத் தின்றவனுக்கு இப்படி ஒரு பேச்சைக் கொடுத்தவர்களின் புராணத்தை நல்லவன் கெட்டவன் என்று இரண்டு கட்டம் போட்டுப் பிள்ளைகளுக்குக் கொடுப்பது அநியாயம்.

நம்பினவர்களே இல்லை என்று நான் சாதிக்க வரவில்லை. கிரேக்கத்தில் பிறந்த அதிசயங்களை ரோமாபுரியும் நம்பியது. கிளாடியஸ் சக்கரவர்த்தியின் காலத்தில் எகிப்திலிருந்து தேனில் போட்டுப் பதப்படுத்தி ஒரு குதிரைமனிதனைக் கொண்டுவந்தார்கள், நாங்களே பார்த்தோம் என்று ரோமானிய எழுத்தாளர் பிளினி எழுதியிருக்கிறார். வெசூவியஸ் வெடித்த கி.பி. 79இல் இறந்துபோன அதே பிளினி. என்ன சடலமோ, எதை எதோடு தைத்தார்களோ. திருவிழாக் கூடாரங்களில் ஐந்து கால் மாட்டைக் காசு வாங்கிக்கொண்டு காட்டுகிற நாம் சிரிக்க வேண்டியதில்லை.

ஆனால் ஏறத்தாழ அதே காலத்துக் கிரேக்க எழுத்தாளர் புளூட்டார்க் சொல்லும் கதை ஒன்றையும் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கொரிந்தின் ஆட்சியாளர் பெரியாண்டரிடம் மேய்ப்பன் ஒருவன் அப்போதுதான் பிறந்த குட்டி ஒன்றைத் தோல்பையில் கொண்டுவருகிறான். தலை, கழுத்து, கை மனித ஜாடை, மற்றது குதிரை. அபசகுனம், பரிகாரம் செய்ய வேண்டும் என்று குறி சொல்பவர் பதறுகிறார். ஞானி தேலிஸ் சிரித்துவிட்டு, உன் குதிரைகளுக்கு இளவட்டங்களை மேய்ப்பர்களாக வைக்காதே, வைத்தால் கல்யாணம் செய்துவை என்று மட்டும் சொல்கிறார். சிறுவர் இணைப்புக்கு இது ஆகாதுதான். பெரியவர்கள் பக்கத்தில் போடலாமே. எங்கள் ஊர்ப் பெரியவர் ஆட்டை விற்கச் சொன்னபோது எனக்கு இந்தத் தேலிஸ் நினைவு வந்திருந்தால் வாய்விட்டே சிரித்திருப்பேன். நல்ல வேளை, அப்போது படித்திருக்கவில்லை.

படக்குறிப்புகளில் திருத்த வேண்டியவை சில. சைரனுக்கு மீன்வால் போட்டிருக்கிறீர்கள். அது ஐரோப்பிய இடைக்காலத்தில் ஒட்டிக்கொண்ட வால். பழைய கிரேக்கர்களின் சைரன் பெண்தலையும் பறவை உடலும் கொண்டது. பிரிட்டிஷ் மியூசியத்தில் கி.மு. 480ஐ ஒட்டிய ஒரு ஜாடி இருக்கிறது. ஒடிஸியஸைப் பாய்மரத்தில் கட்டியிருக்கிறார்கள், அவன் பாட்டில் மயங்காமல் தப்பிவிட்டான் என்று ஒரு சைரன் கண்ணை மூடிக்கொண்டு தலைகீழாகக் கடலில் விழுகிறது.

மெடூசா அழகியாக இருந்து கோயிலில் கெடுக்கப்பட்டுச் சாபத்தால் பாம்புக்கூந்தல் பெற்றாள் என்பது ரோமானியக் கவி ஓவிட் கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கத்தில் சொன்னது. அவருக்கு 700 ஆண்டு முந்தைய ஹெஸியடிடம் அந்தச் சாபம் இல்லை. அவள் பிறவியிலேயே கோர்கன் என்ற அரக்கி, மூன்று சகோதரிகளில் சாவு உள்ளவள் அவள் ஒருத்திதான். கோர்ஃபு தீவில் ஆர்ட்டெமிஸ் கோயில் முகப்பில் கி.மு. 580 வாக்கில் செதுக்கிய மெடூசா ஆளைவிட உயரம். தலை வெட்டுப்பட்ட பிறகு கழுத்திலிருந்து பிறந்த இரண்டு பிள்ளைகளான பெகாசஸும் கிரிசாவோரும் தலை வெட்டுப்படாத தாயின் இரு பக்கமும் அங்கே நிற்கிறார்கள். அந்தப் பெகாசஸ் மேல் ஹெர்குலிஸை ஏற்றிவிட்டிருக்கிறீர்கள், அது சினிமாக் கதை. பெகாசஸில் ஏறிப்போய்க் கைமேராவைக் கொன்றவன் பெல்லரோஃபோன்.

கைமேரா நடக்கவே நடக்காத காரியம் என்று முடித்திருப்பதையும் கொஞ்சம் மாற்றலாம். 1984இல் இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள் செம்மறிக் கருவையும் வெள்ளாட்டுக் கருவையும் ஒன்றாகச் சேர்த்து உயிருள்ள குட்டியையே உருவாக்கிவிட்டார்கள். உடம்பில் ஓரிடத்தில் கம்பளி, ஓரிடத்தில் மயிர். தீ மட்டும் கக்கவில்லை.

அடுத்த வாரம் ஹைட்ரா என்ற பலதலை நீர்ப்பாம்பு என்று பக்கத்தின் அடியில் அறிவிப்பு இருந்தது. ஓவியர் தலைகளை எண்ணி வரையத் தொடங்குவதற்கு முன் ஒரு விஷயம். ஹைட்ரா வாழ்ந்ததாகச் சொல்லும் லெர்னா சதுப்பைக் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் நேரில் போய்ப் பார்த்த பவுசேனியஸ் என்ற பயணி, அந்தப் பாம்பு மற்ற நீர்ப்பாம்புகளைவிடப் பெரியது, விஷம் கடுமையானது, ஆனால் தலை ஒன்றுதான் இருந்திருக்கும் என்று எழுதிவைத்திருக்கிறார். கமிராஸ் ஊர்க் கவிஞர் பெய்சாண்டர், பாம்பு இன்னும் பயங்கரமாகத் தெரியட்டும், தன் கவிதையும் எடுபடட்டும் என்று தலைகளைக் கூட்டிவிட்டாராம். படத்தில் ஒன்பது தலை இருந்தாலும் பரவாயில்லை, பேத்திக்கு அலமாரிக் கதவில் இன்னும் இடம் இருக்கிறது. கீழே குறிப்பில் பவுசேனியஸின் அந்த ஒற்றைத் தலைக்கும் ஒரு வரி கொடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கால்நடை மருத்துவர்,
மணப்பாறை